எனக்காக வரவழைத்த கேமரா

நான்கு மாதம் ஆராய்ந்து ஒரு கேமராவைத் தேர்ந்தெடுத்தேன். தேர்ந்தெடுத்ததில் ஒரு தப்பும் இல்லை. அதற்குப் பிறகு நான் செய்ததில்தான் தப்பைத் தவிர வேறொன்றும் இல்லை. இதை இத்தனை வருடமாக யாரிடமும் சொன்னதில்லை.

இரண்டாயிரம் பிறந்து நாலைந்து வருடம் ஆகியிருந்தது. கழக்கூட்டத்தில், ஐ.டி. பார்க்குக்குள் ஒரு கம்பெனியில் நான் டெஸ்டர். மற்றவர்கள் எழுதிய ப்ரோகிராமில் குற்றம் கண்டுபிடிப்பது வேலை. பிறந்ததிலிருந்தே எனக்கு அந்தக் குணம் உண்டு என்பாள் அம்மா. அதற்குச் சம்பளமும் கொடுக்கிறார்கள் என்பதைத்தான் அவளால் நம்ப முடியவில்லை. மலையாளம் பேசும் ஊரில் நாங்கள் தமிழ்க் குடும்பம், வீடு ஆரியசாலையில். அப்பாவுக்குச் சாலை என்கிற கடைத்தெருவில் மிளகாய் வத்தல், மல்லி மொத்த வியாபாரம். நான் காலையில் ஏ.சி. அறைக்குப் போய், மாலையில் வத்தல் நெடி அடிக்கும் தெருவுக்குத் திரும்பி வருவேன்.

அந்தச் சமயத்தில் ஆபீசில் எல்லோரும் டிஜிட்டல் கேமரா வாங்கிக்கொண்டிருந்தார்கள். சோப்புப் பெட்டி அளவில் வெள்ளி நிறத்தில் இருக்கும். வாங்கியவரிடம் மற்றவர்கள் கேட்பது ஒரே கேள்விதான்: எத்தனை மெகாபிக்ஸல்? அதைக் கேட்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். சென்சார் எவ்வளவு பெரிது, லென்ஸ் எவ்வளவு அகலமாகத் திறக்கும் என்று கேட்க ஒருவருக்கும் தெரியவில்லையே என்று வாய்விட்டே சொல்வேன். எனக்கு வேண்டியது வேறு ஜாதி. கைப்பையில் அடங்க வேண்டும், ஆனால் ஸ்டூடியோக்காரர்களின் பெரிய கேமரா செய்வதையெல்லாம் செய்ய வேண்டும். வெளிச்சம், வேகம், குவியம் எல்லாவற்றையும் நானே திருகி வைக்க வேண்டும். அப்படிச் சில கேமராக்கள் வந்திருந்தன. விலை கேட்டால் பெரிய கேமராவே வாங்கிவிடலாம் போலிருக்கும். அதனாலேயே அதை வாங்குகிறவர்கள் கொஞ்சம் மண்டைக்கனம் பிடித்தவர்களாக இருப்பார்கள். நான் அதில் முதல் வரிசை.

மதியச் சாப்பாட்டு நேரத்தில் இன்டர்நெட்டில் விமர்சனம் படிப்பேன். வெள்ளைக்காரர்கள் செங்கல் சுவரைப் படம் எடுத்து, அதன் நான்கு மூலையிலும் தெளிவு குறைகிறதா என்று பெரிதாக்கிப் பார்த்துப் பக்கம் பக்கமாக எழுதியிருப்பார்கள். அதையெல்லாம் ஒரு எக்ஸெல் தாளில் ஏற்றினேன். இடது பக்கம் குணங்கள், மேலே கேமராக்கள், ஒவ்வொன்றுக்கும் மதிப்பெண். மேனேஜர் கடந்துபோனால் அதுவும் ஆபீஸ் வேலை மாதிரியே இருக்கும். கொஞ்ச நாளில் மற்றவர்கள் என்னிடம் வந்து எந்தக் கேமரா வாங்கலாம் என்று கேட்க ஆரம்பித்தார்கள். சொந்தமாக ஒரு கேமரா இல்லாமலே நான் கேமரா நிபுணர் ஆகிவிட்டேன்.

படித்தது போதும், கையில் பிடித்துப் பார்க்க வேண்டும் என்று தோன்றிய ஒரு சனிக்கிழமை, ஓவர்பிரிட்ஜ் பக்கம் இருந்த ஒரு கேமராக் கடைக்குள் நுழைந்தேன். பிலிம் ரோல், ஆல்பம், ஸ்டூடியோக்காரர்களுக்கான விளக்கு, குடை எல்லாம் விற்கிற சின்னக் கடை. முதலாளி உள்ளே ஒரு கண்ணாடி அறையில் உட்கார்ந்திருப்பார். வெளியே கவுண்டரைப் பார்த்துக்கொண்டவர் நாற்பத்தைந்து வயதுள்ள ஒருவர். அவரிடம் மலையாளத்தில்தான் பேச ஆரம்பித்தேன். நடுவில் அம்மா போன் செய்தாள். பேசிவிட்டு வைத்ததும் அவர் முகம் மலர்ந்துவிட்டது.

"தமிழாக்கும், இல்லியா? அத மொதல்லயே சொல்லப்பிடாதா தங்கச்சி. நமக்குக் குழித்துறை. டெய்லி காலத்த பாசஞ்சர்ல வாறது."

அந்த நிமிடத்திலிருந்து அவர் எனக்கு அண்ணாச்சி. நானும் விடவில்லை. ஏழெட்டு சனிக்கிழமை தொடர்ந்து போனேன். கடையில் இருந்த எல்லாக் கேமராவையும் பெட்டியிலிருந்து எடுக்க வைத்தேன். ஒவ்வொன்றிலும் ஒரு குறை சொல்லித் திருப்பிக் கொடுத்தேன். இது பிளாஸ்டிக், அது பொத்தான் இடம் சரியில்லை, மற்றது திரை வெயிலில் தெரியாது. அவர் ஒரு தடவைகூட முகம் சுளிக்கவில்லை. பிளாஸ்டிக் உறையைப் பழைய மடிப்பிலேயே மடித்து, பெட்டிக்குள் வைத்து, "செரி, இதும் வேண்டாம். அடுத்தது பாப்போம்" என்பார். ஸ்டூடியோக்காரர்கள் வந்தால் என்னை நிறுத்திவிட்டு அவர்களைக் கவனிப்பார். அவர்கள் கேட்ட சாமான் கடையில் இல்லையென்றால், யாரையும் கேட்காமல் போனை எடுத்து எர்ணாகுளத்து டீலரிடம் பேசி, "நாளன்னிக்கு வந்துரும்" என்று சொல்லி அனுப்புவார். கடையில் அவர் சொன்னால் சொன்னதுதான்.

எக்ஸெல் தாளில் முதலிடம் வந்த கேமரா அந்தக் கடையில் இல்லை. ஊரிலேயே எங்கும் இல்லை. ஆனால் அதன் பழைய மாடல் ஒன்று, யாரோ வளைகுடாக்காரர் சுத்தம் செய்யக் கொடுத்தது, கடைக்கு வந்திருந்தது. அண்ணாச்சி அந்த ஆளுக்குப் போன் செய்து அனுமதி கேட்டு, கார்டு போட்டு, என் கையில் கொடுத்தார். வாசலில் நின்று இருபது படம் எடுத்துக்கொண்டு வந்தேன். அவர் கம்ப்யூட்டரில் போட்டுப் பார்த்தார்.

"இதென்ன தங்கச்சி, எல்லாம் எதிர்ல உள்ள மதிலாக்கும்?"

"மூலையில தெளிவு இருக்கான்னு பாக்கத்தான் அண்ணாச்சி."

அவர் வயிறு குலுங்கச் சிரித்தார். "மதிலு எங்கயும் போவாது. ஆளை எடுங்க. யாரை எடுக்கதுக்கு இந்தக் கேமரா?"

நான்கு மாத ஆராய்ச்சியில் அப்படி ஒரு கட்டமே போடவில்லை. எரிச்சலாக வந்தது. கடைக்காரர் என்றால் கேட்டதை எடுத்துக் கொடுக்க வேண்டும், இந்தக் கேள்வியெல்லாம் எதற்கு என்று நினைத்துக்கொண்டேன்.

அன்றைக்கே முடிவும் செய்தேன். இதன் புது மாடல்தான் வேண்டும் என்றேன். அண்ணாச்சி கொஞ்சம் யோசித்தார். இது கடையில் வைத்து விற்கிற சாமான் இல்லை, இந்த ஊரில் இன்னொருவர் வந்து கேட்க மாட்டார், டீலர் ஒன்றை அனுப்பினால் திரும்ப எடுக்கவும் மாட்டான், அதனால் உறுதியாக வேண்டுமென்றால் மட்டும் வரவழைக்கலாம் என்றார். "உறுதிதான் அண்ணாச்சி, வரவழைச்சிருங்க" என்றேன். முன்பணம் கொடுக்கக் கைப்பையைத் திறந்தேன்.

"வீடு எங்கன்னு சொன்னிய?"

ஆரியசாலை என்றேன். அப்பாவின் கடையைச் சொன்னேன். அவ்வளவுதான், அவர் கையைக் குறுக்கே நீட்டிப் பையை மூடச் சொன்னார்.

"அந்தக் கடையில உள்ள பிள்ளையா? எங்க வீட்டுக் கல்யாணத்துக்கு வத்தலு முழுக்க அங்கதான் எடுத்தது. உங்ககிட்ட அட்வான்ஸ் வாங்கினா எனக்காக்கும் கொறச்சல். வாக்குப் போதும்."

இது சாலையின் பழக்கம். வெளியூர்க்காரர்களுக்குப் புரியாது. அப்பா காலையில் போனை எடுத்து, "அம்பது மூட்ட போடும்" என்று சொன்னால் விருதுநகரில் லாரி புறப்பட்டுவிடும். கையெழுத்து கிடையாது, முன்பணம் கிடையாது. லாரி வந்து சேர்வதற்குள் விலை விழுந்துவிட்டாலும் சொன்ன சரக்கை இறக்கித்தான் ஆக வேண்டும். ஒரு தடவை அப்படி விழுந்தபோது அப்பா வீட்டில் ஒரு வாரம் புலம்பினார். ஆனால் சரக்கு அனுப்பியவரிடம் மூச்சு விடவில்லை. வாக்குச் சொன்ன சரக்கைத் திருப்பி அனுப்பிய வியாபாரி சாலையில் இருந்ததாக நான் கேள்விப்பட்டதே இல்லை. தெரிந்த கடையின் ஆளிடம் முன்பணம் கேட்பது என்றால், உன்னை நம்பவில்லை என்று முகத்துக்கு நேரே சொல்வது மாதிரி.

அண்ணாச்சி கண்ணாடி அறையின் கதவைத் திறந்து தலையை நீட்டி முதலாளியிடம் சொன்னார். முதலாளி கணக்குப் புத்தகத்திலிருந்து தலையைத் தூக்காமல், "வன்னில்லெங்கிலோ?" என்றார். வராவிட்டால் என்ன செய்வாய் என்று கேட்கிறார்.

"வன்னில்லெங்கில் ஞான் எடுத்தோளாம் சார்" என்று சொல்லிவிட்டு அண்ணாச்சி சிரித்தபடியே என் பக்கம் திரும்பினார். "வரலேன்னா நான் எடுத்துக்கிடுதேன்னு சொன்னேன். எனக்கெதுக்கு இவ்வளவு பெரிய கேமரா!"

நானும் சிரித்தேன். அந்தச் சிரிப்பை இப்போது நினைத்தால் காது சூடாகிறது.

மூன்றாம் நாள் ஆபீசில் ஒரு மெயில் வந்தது. என் டீமில் இருந்த கொல்லத்துக்காரி ஒருத்தி ஆன்சைட் வேலைக்காக மூன்று மாதமாகச் சிங்கப்பூரில் இருந்தாள். அடுத்த வாரம் திரும்புகிறாள், யாருக்கு என்ன வேண்டும் என்று எல்லோருக்கும் எழுதியிருந்தாள். எங்கள் ஆபீசின் பழக்கம் அது. வெளிநாட்டிலிருந்து வருகிறவர் பெட்டியில் பாதி அவருடையது, பாதி மற்றவர்களுடையது. அந்தக் கேமரா அங்கே எவ்வளவு என்று சும்மா கேட்டு எழுதினேன். பதில் வந்தது. இங்கே அண்ணாச்சி சொன்ன விலையில் மூன்றில் ஒரு பங்கு குறைவு.

யோசிக்கவே இல்லை என்று சொன்னால் பொய். ஒரு நிமிடம் யோசித்தேன். அந்த ஒரு நிமிடத்தில் நான் எடுத்துக்கொண்ட வாதம் இது: முன்பணம் கொடுக்கவில்லை, தாளில் எழுதவில்லை, ஆகவே ஆர்டரே கிடையாது. ஆபீசில் அதுதான் சட்டம். மெயிலில் இல்லாதது நடக்கவே இல்லை. வாய்வார்த்தையாகச் சொன்னதை வைத்துக்கொண்டு யாராவது வந்தால், எங்கே எழுதியிருக்கிறது காட்டு என்போம். நான் அப்பாவின் மகள், சாலையின் சட்டமும் எனக்குத் தெரியும். இரண்டும் தெரிந்திருந்தும் எனக்கு வசதியானதை எடுத்துக்கொண்டேன். "வாங்கிட்டு வா" என்று பதில் எழுதினேன்.

உடனே அண்ணாச்சிக்குப் போன் செய்து வேண்டாம் என்று சொல்லியிருக்கலாம். அன்றைக்குச் சொல்லியிருந்தால் ஒருவேளை எர்ணாகுளத்திலிருந்து புறப்பட்டிருக்காது. கடையின் அட்டை என் கைப்பையிலேயே இருந்தது. நாளைக்குச் சொல்லலாம் என்று ஒரு வாரம் தள்ளினேன். வேலையில் அடுத்தவர் தப்பை ஒரு மணி நேரத்தில் பிடித்து மெயில் போடுகிறவள், என் தப்பைச் சொல்ல ஒரு போன் செய்ய முடியாமல் இருந்தேன்.

கேமரா சிங்கப்பூரிலிருந்து வந்தது. அதே வாரம் கடையிலிருந்து போன் வந்தது. திரையில் அந்த நம்பரைப் பார்த்ததும் அடிக்க விட்டுவிட்டேன். மறுநாளும் வந்தது, அதையும் எடுக்கவில்லை. மூன்றாம் தடவை வந்தபோது நான் கழக்கூட்டம் ஜங்ஷனில் ஒரு டீக்கடை முன்னால், தோழிகள் நடுவில், புதுக் கேமராவை வைத்துக்கொண்டு அதன் பெருமைகளை விளக்கிக்கொண்டிருந்தேன். பேச்சு வேகத்தில் நம்பரைப் பார்க்காமல் எடுத்துவிட்டேன்.

"தங்கச்சி, கேமரா வந்தாச்சு! நல்ல பீஸ். பெட்டிய நான் பிரிக்கல்ல. நீங்களே வந்து பிரிக்கட்டும்னு வச்சிருக்கேன்."

வாய் தானாகப் பேசியது. "அண்ணாச்சி, நான் பெங்களூர்ல இருக்கேன். ஆபீஸ்ல திடீர்னு அனுப்பிட்டாங்க. வர ரெண்டு மாசம் ஆகும் போல."

நான் சொல்லி முடிக்கவும், பின்னால் வந்து நின்ற சர்க்கார் பஸ்ஸின் கண்டக்டர் படியில் தொங்கியபடி தொண்டை கிழியக் கத்தவும் சரியாக இருந்தது. "கிழக்கேக்கோட்டா! கிழக்கேக்கோட்டா! பாளையம், ஸ்டாச்சு, ஓவர்பிரிட்ஜ், கிழக்கேக்கோட்டா!"

பெங்களூரில் எந்த பஸ்ஸும் கிழக்கேகோட்டைக்குப் போகாது. அவர் போனை வைத்துவிடுவாரோ, திட்டுவாரோ என்று காத்திருந்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"செரி தங்கச்சி" என்றார். "போயிட்டு மெதுவா வாங்க. அங்க தண்ணியெல்லாம் பாத்துக் குடிக்கணும், கேட்டியளா."

போனை வைத்தபின் தோழி ஒருத்தி, என்ன முகம் இப்படி ஆகிவிட்டது என்று கேட்டாள். ராங் நம்பர் என்றேன். ஐந்து நிமிடத்தில் இரண்டாவது பொய்.

அதற்குப் பிறகு நான் ஓவர்பிரிட்ஜ் வழியாகப் போவதை நிறுத்தினேன். கழக்கூட்டத்திலிருந்து பைபாஸ் வழியாக, சாக்கை சுற்றிக் கோட்டைக்கு வருகிற பஸ்தான். அது எப்போதாவதுதான் வரும். அரை மணி நேரம் நிற்பேன். ஏன் லேட் என்று கேட்கும் அம்மாவிடம் வேலை அதிகம் என்பேன். கேமராவிலும் பெரிதாக ஒன்றும் எடுக்கவில்லை. கையில் எடுக்கும்போதெல்லாம் பிரிக்காத பெட்டி ஒன்று நினைவுக்கு வரும். இன்னொருவர் வந்து வாங்கியிருப்பார் என்று சமாதானம் சொல்லிக்கொள்வேன். இந்த ஊரில் இன்னொருவர் கேட்க மாட்டார் என்று அவர் சொன்னது எனக்கு மறந்தா போயிற்று?

எட்டு மாதம் இப்படிப் போனது. பிறகு என் கேமராவின் பேட்டரி படுத்துவிட்டது. அந்த மாடலுக்கென்றே தனியாகச் செய்த பேட்டரி, வேறு எதுவும் சேராது. தம்பானூரில் விசாரித்தேன், பாளையத்தில் விசாரித்தேன், கிடைக்கவில்லை. எல்லோரும் ஒரே கடையைத்தான் கைகாட்டினார்கள். ஒரு வேலை நாளில் அரை நாள் லீவு போட்டு, அண்ணாச்சி பின்பக்கம் சாப்பிடப் போகும் நேரம் எனக்குத் தெரியும் என்பதால் சரியாக ஒன்றரை மணிக்குப் போனேன். லீவு போட்டு ஒளிந்து போகிற அளவுக்குத் திட்டம் போட முடிந்தது. ஒரு வார்த்தை மன்னிப்புக் கேட்கத் திட்டம் போடவில்லை.

நினைத்தபடியே கவுண்டரில் முதலாளி இருந்தார். என்னை அவர் முன்பு நிமிர்ந்து பார்த்ததே இல்லை, அடையாளம் தெரியவில்லை. பேட்டரியை வாங்கி மூக்குக்கண்ணாடியை ஏற்றி அதன் எழுத்தைப் படித்தார். படித்துவிட்டு மலையாளத்தில் ஒரு கதையே சொன்னார். இந்தக் கேமராவை அவர்கள் ஒன்றே ஒன்றுதான் வரவழைத்தார்களாம். யாரோ ஒரு பெண் கண்டிப்பாக வேண்டும் என்றாளாம். பிறகு ஆள் வரவே இல்லையாம். டீலரும் திரும்ப எடுக்கவில்லையாம்.

அந்தக் கேமரா இப்போது எங்கே என்று, சம்பந்தமே இல்லாதவள் மாதிரி, நான் கேட்டேன்.

வேலைக்காரனே எடுத்துக்கொண்டான், சம்பளத்தில் மாதாமாதம் பிடித்துக்கொள்ளச் சொன்னான் என்றார். எடுக்க வேண்டாம் என்று தானே சொல்லிப் பார்த்தாராம், அவன் கேட்கவில்லையாம். "நல்ல பணிக்காரனாணு. பக்ஷே ஆளெ நோக்கான் அறியில்லா" என்று முடித்தார். நல்ல வேலைக்காரன்தான், ஆனால் ஆள் பார்க்கத் தெரியாது.

எத்தனையோ பேர் என்னை எத்தனையோ விதமாகத் திட்டியிருக்கிறார்கள். இது போல ஒன்று உள்ளே இறங்கியதில்லை. அவர் என்னைத் திட்டவே இல்லை. என் தப்புக்கு இன்னொருவரை அல்லவா திட்டினார்.

ஓடிவிடலாம் என்று பேட்டரிக்குக் கையை நீட்டும்போது, கழுவிய டிபன் பாத்திரத்தோடு அண்ணாச்சி உள்ளே வந்தார். என்னைப் பார்த்தார். கவுண்டரில் கிடந்த பேட்டரியைப் பார்த்தார். அந்தப் பேட்டரி ஒரே ஒரு கேமராவில்தான் போகும் என்று அவருக்குத் தெரியாதா? எடுத்து விரலால் ஒரு தடவை திருப்பிவிட்டு வைத்தார்.

"எப்பம் வந்திய பெங்களூர்லேருந்து? சுகமா?"

முதலாளி யார் இது என்பது போலப் பார்த்தார். "நம்ம நாட்டுக்காரியாணு சார், அறியும்" என்று மட்டும் சொன்னார் அண்ணாச்சி. தெரிந்த பெண் என்பதோடு நிறுத்திக்கொண்டார். அந்தப் பெண் இவள்தான் என்று சொல்லியிருந்தால் அவர் மேலிருந்த பழி அங்கேயே இறங்கியிருக்கும்.

அப்போது ஒரு ஸ்டூடியோக்காரர் வந்து விளக்கு ஸ்டாண்ட் இரண்டு கேட்டார். கடையில் ஒன்றுதான் இருந்தது. அண்ணாச்சியின் கை வழக்கம் போலப் போன் பக்கம் போனது, போய் நின்றது. "முதலாளிகிட்ட கேட்டுட்டு சொல்லுதேன்" என்றார். ஸ்டூடியோக்காரர் எதிரிலேயே முதலாளியிடம் கேட்டார். முதலாளி, வாங்குவது உறுதியா, முன்பணம் தருவாரா என்று அவரிடமே திருப்பிக் கேட்டார். ஸ்டூடியோக்காரர் அண்ணாச்சியைப் பார்த்தார். அண்ணாச்சி ரசீதுப் புத்தகத்தைத் தேடுகிற மாதிரி கீழே குனிந்துகொண்டார். அவருக்கு நஷ்டம் ஒரு கேமராவின் விலை என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன். அவரிடமிருந்து நான் பறித்தது என்ன என்று அன்றுதான் கண்ணால் பார்த்தேன்.

பிறகு என்னிடம் வந்தார். "இந்தப் பேட்டரி வெளிய கிடைக்காது. நான் ரெண்டெண்ணம் வரவழைச்சு வச்சிருக்கேன், ஒண்ணு கொண்டு போங்க" என்று தன் பையைத் திறந்தார். பைக்குள் அந்தக் கேமரா இருந்தது. என்னுடையதை விட அதிகம் புழங்கியது, ஓரத்தில் பெயின்ட் தேய்ந்திருந்தது. புதுப் பேட்டரியை அதில் போட்டார். "ஓடுதான்னு பாத்துட்டுத் தரணும்லா. அப்படியே நில்லுங்க." நான் முகத்தைத் திருப்புவதற்குள் ஒரு படம் எடுத்துவிட்டார்.

பேட்டரிக்குக் காசு கொடுத்தேன், வாங்கிக்கொண்டார். வாசல் வரை கூட வந்தார். முதலாளி முன்னால் மன்னிப்புக் கேட்டால் விஷயம் தெரிந்துவிடும், அதனால்தான் உள்ளே கேட்கவில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன். வாசலில் முதலாளி இல்லை. நாங்கள் இரண்டு பேர்தான். மன்னிச்சிருங்க அண்ணாச்சி என்று சொல்ல வேண்டும், இரண்டு வார்த்தை. வாயைத் திறந்தேன்.

"படத்துல மூலை எல்லாம் தெளிவா வருதா அண்ணாச்சி?"

நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது. அவர் சிரித்தார். "மூலைய யாரு பாத்தா தங்கச்சி? நான் பிள்ளயள எடுக்கேன்" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார்.

பத்து நாள் கழித்து ஒரு மத்தியானம், அப்பா சாப்பிட வரும்போது கையில் ஒரு கவர் இருந்தது. சனிக்கிழமை, ஆபீஸ் லீவு, நானும் வீட்டில்தான் இருந்தேன். கவருக்குள் என் படம். கண்கள் கேமராவைப் பார்க்கவில்லை, கீழே எங்கோ பார்த்தன. அம்மா வாங்கிப் பார்த்துவிட்டு, இது ஏன் இப்படித் திருட்டு முழி முழிக்கிறது என்று கேட்டாள். அப்பா அதைக் காதில் வாங்கவில்லை. அவர் முகம் அப்படிப் பிரகாசமாக இருந்து நான் பார்த்து வெகுநாள் ஆகியிருந்தது.

"ஏட்டி, ஓவர்பிரிட்ஜ் பக்கத்துக் கேமராக் கடையில நிக்காருல்லா, குழித்துறைக்காரரு, அவரு வந்தாரு கடைக்கு. ஒன் படத்தத் தந்துட்டு என்ன சொன்னாரு தெரியுமா? அவருகிட்ட இருக்க கேமராவ நீதான் தெரிஞ்செடுத்துக் குடுத்தியாமே! மாசக்கணக்கா வந்து, ஒண்ணொண்ணாப் பாத்து, குத்தம் கொற சொல்லித் தள்ளி, கடைசீல இதான்னு காட்டினியாம். ஒங்க பிள்ள இல்லேன்னா இப்படி ஒண்ண நான் வாங்கியிருக்கவே மாட்டேன்னு கடையில அத்தன பேரு முன்னால சொன்னாரு."

அதில் ஒரு வார்த்தை பொய் இல்லை. அதுதான் என்னைக் கொன்றது.

கழக்கூட்டத்தில் நான் என்ன வேலை செய்கிறேன் என்று அப்பாவுக்கு அன்றுவரை புரிந்ததே இல்லை. சரக்குப் பார்ப்பது அவருக்குப் புரியும். வத்தலைக் கையில் அள்ளி, நிறம் பார்த்து, ஒன்றைக் கிள்ளி முகர்ந்து, இது எந்தத் தண்ணீரில் விளைந்தது என்று சொல்கிறவர். தன் பிள்ளைக்கும் சரக்குப் பார்க்கத் தெரிகிறது என்று ஒரு வெளி ஆள் வந்து தன் கடையில் வைத்துச் சொல்லிவிட்டார். கைகூடக் கழுவாமல் என் எதிரில் உட்கார்ந்தார்.

"எத வச்சுக் கண்டுபிடிச்ச? சொல்லு, கேப்போம்."

அப்போது சொல்லியிருக்க வேண்டும். அப்பா, அது எனக்காக வந்த சரக்கு, உங்கள் கடையின் பேரைச் சொல்லி வரவழைத்துவிட்டு நான் எடுக்கவில்லை. அவ்வளவுதான் சொல்ல வேண்டியது. சொன்னால் அப்பா சாப்பிடாமல் எழுந்து, சட்டையைப் போட்டுக்கொண்டு ஓவர்பிரிட்ஜுக்கு நடந்திருப்பார். அண்ணாச்சியின் கையைப் பிடித்துக்கொண்டு நின்றிருப்பார். முதலாளிக்கும் விஷயம் தெரிந்திருக்கும். எல்லாம் சரியாகியிருக்கும், என்னைத் தவிர.

நான் லென்ஸிலிருந்து ஆரம்பித்தேன். அது எவ்வளவு அகலமாகத் திறக்கும், திறந்தால் மங்கிய வெளிச்சத்தில் என்ன லாபம், சென்சார் பெரிதாக இருந்தால் நிறம் ஏன் நன்றாக வரும், மெகாபிக்ஸலைப் பார்த்து ஏன் ஏமாறக் கூடாது. சோறு ஆறுகிறது என்று அம்மா இரண்டாவது தடவை கூப்பிடும்வரை சொன்னேன். அப்பா ஒரு இடத்தில்கூடக் குறுக்கே பேசாமல் தலையாட்டிக்கொண்டே கேட்டார்.

"மாசக்கணக்கா நீ குத்தம் சொன்னதையும் பொறுத்துக்கிட்டாரே, நல்ல மனுசரு. அவருக்குப் போயி நீ வாச்சியே" என்று சிரித்தார் அப்பா.

"ஆமாப்பா" என்று சொல்லிவிட்டு, அவர் கை கழுவத் தண்ணீர் எடுத்து வைத்தேன்.